ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது, என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் ஈரம், என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை, "பேக் கம்ப்ரஷன், ரிங் போச்சு, இறக்கணும்" என்று மெக்கானிக் சொல்கிறார் (அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது, என்ஜினைக் கழற்ற வேண்டும்) என எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் கார் என்றும் சொல்கிறீர்கள். தயவுசெய்து இன்னும் இறக்காதீர்கள்.

என் பழைய காரில் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்க ஆயில் சீல் ஒழுகியது. மாற்றினோம். சில மாதத்தில் மறுபடி ஒழுகியது, மறுபடி மாற்றினோம். மூன்றாவது முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சீல் பக்கமே போகவில்லை. பிசிவி வால்விலிருந்து (என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) போகும் ரப்பர் குழாயைக் கழற்றி ஊதினார். காற்று அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளே தார் போல கசடு அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத அழுத்தம் சீலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. குழாயும் வால்வும் மாற்றிய பிறகு அந்த ஒழுகல் வரவே இல்லை.

புத்தம் புது என்ஜினிலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் என்ஜினின் அடிப்பகுதி) இறங்கத்தான் செய்யும். அந்தக் காலத்தில் ஒரு குழாய் வைத்து அதை ரோட்டில் விட்டுவிடுவார்கள். 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில் அதை இன்டேக்கிற்கே திருப்பி எரிக்கும் முறை வந்தது, பிறகு எல்லா இடத்துக்கும் பரவியது. ஐட்லிங்கில் (வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது) மேனிஃபோல்டின் வாக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, அந்த வாயுவை பிசிவி வால்வு வழியாக இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வாக்குவம் குறைந்துவிடும். அப்போது மிஞ்சும் வாயு, சுத்தமான காற்று உள்ளே வர வேண்டிய குழாய் வழியாகவே பின்னோக்கி ஃபில்டர் பெட்டிக்கு வரும். அதனால் ஓரளவு ஓடிய காரில் அந்தக் குழாயின் வாயருகே லேசான ஈரம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆயில் தேங்கி நின்றால் பார்க்க வேண்டும்.

மூடியைத் திறந்து புகையைப் பார்த்து முடிவு செய்வது சரியான சோதனையே இல்லை. சூடான ஆயிலின் ஆவி எந்த என்ஜினிலும் தெரியும். இப்படிச் செய்யுங்கள்: ஐட்லிங்கில் மூடியை எடுத்துவிட்டு அந்த வாயை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கையுறையால் மூடிப் பிடியுங்கள் (சுற்றும் பெல்ட் பக்கம் கை போகாமல்). ஃபில்டர் பெட்டிக்குப் போகும் குழாயை அமுக்கி அடையுங்கள். கையுறை மெதுவாக உள்ளே இழுபட்டால் வால்வு வேலை செய்கிறது. பலூன் மாதிரி மேலே உப்பினால், பாதை அடைத்திருக்கிறது அல்லது வாயு அளவுக்கு மீறி இறங்குகிறது. மூடியைத் திறக்கவே கஷ்டப்படும் அளவுக்கு இழுத்து, விசில் சத்தமும் வந்தால் கதை வேறு: சில கார்களில் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம். ஐட்லிங் ஏறி இறங்குவதும், கலவை லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்று பிழைக் குறியீடு காட்டுவதும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வரும்.

உப்பினால் அடுத்த வேலை வால்வையும் குழாய்களையும் மாற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்வது. உங்கள் என்ஜினுக்கு உரிய வால்வையே வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே உள்ள துவாரத்தின் அளவு மாறும். அதற்கு முன் டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலே இந்த ஈரம் வரும்.

எல்லாம் மாற்றியும் கையுறை உப்பினால்தான் ரிங் பக்கம் வர வேண்டும். அப்போதும் நேராக இறக்கச் சொல்லாதீர்கள், கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கும்போது அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் சிலிண்டரின் வால்வுகளை (பிசிவி வால்வு அல்ல) அல்லது ஹெட் கேஸ்கெட்டை (என்ஜினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும்.

மூடியின் அடியில் வெண்ணெய் போல பிசுபிசுப்பு இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று நினைக்க வேண்டாம். தினமும் குறைந்த தூரம் மட்டும் ஓடி என்ஜின் முழுதாகச் சூடேறாவிட்டால், எரிப்பில் உண்டாகும் நீராவி அங்கேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்துவிடும். கூலன்ட் அளவு குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

உங்கள் காரில் டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும் சாதனம்) இருந்தால் இன்னொன்று. டர்போவிலிருந்து ஆயில் கிராங்க்கேஸுக்குள் தானாக வடிந்து இறங்க வேண்டும். அங்கே அழுத்தம் அதிகமாக இருந்தால் வடியாது, சீல் வழியாக இன்டேக்கிலோ சைலன்சரிலோ தள்ளும். அதைப் பார்த்து நல்ல டர்போவை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே டர்போ போச்சு என்று யாராவது சொன்னாலும் முதலில் அந்தப் பிசிவி குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.