ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். முப்பது வருடமாக ரயில் பைத்தியங்கள். ஞாயிறு விடிந்தால் கே.ஆர்.புரத்திலோ கன்டோன்மென்ட்டிலோ கேமராவும் கையுமாக நிற்போம். எங்களில் மூத்தவருக்கு (வயது 61, காக்ஸ் டவுன்) ஏழு வாரத்துக்கு முன் பைபாஸ் ஆனது. காலிலிருந்து நரம்பு எடுத்து வைத்தார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். முதல் பத்து நாள் கலகலப்பாகப் பேசினார். இப்போது நாங்கள் தினமும் அனுப்பும் ரயில் படங்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ரயில் சத்தம் வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாராம். நடக்கக் கூப்பிட்டால் ‘நாளைக்கு’ என்கிறார். கால் வீக்கம் வேறு. ‘அந்தப் பைத்தியம் விட்டதே போதும்’ என்கிறார் அவர் மனைவி. இன்னும் ஆறு வாரத்தில் சக்லேஷ்பூர் மலைப்பாதையில் போக நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம். கேன்சல் செய்துவிடலாமா? அவரிடம் ரயிலைப் பற்றிப் பேசினால் இதயம் படபடக்குமா? கேமரா எப்போது தூக்கலாம்?
- ஒரு வாசகர், கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: டிக்கெட், கால், கேமரா எல்லாவற்றுக்கும் வருகிறேன். கடிதத்தைப் படித்தபோது நான் நின்றுவிட்ட இடம் அந்த ஜன்னல்தான். காக்ஸ் டவுனில் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நாள் முழுக்க ஹார்ன் சத்தம்தான். முப்பது வருடமாக அந்தச் சத்தத்தைத் தேடிப் போனவர் இன்று அது காதில் விழக்கூடாது என்கிறார். இதை ‘உடம்பு அசதி’ என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பைபாஸுக்குப் பிறகு மனது இறங்குவது ரொம்ப சகஜம். காரணமே இல்லாமல் கண் கலங்கும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும், இரவில் மூன்று மணிக்கு முழிப்புத் தட்டும், சாப்பாட்டில் ருசி தெரியாது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது தானாக வடிந்துவிடும். சுமார் ஐந்தில் ஒருவருக்கு மட்டும் வடியாமல், மனச்சோர்வு என்று பெயர் வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டிய அளவுக்குப் போகிறது. உங்கள் நண்பர் முதலில் நன்றாக இருந்து பிறகு இறங்கியிருக்கிறார். அதிலும் ஆச்சரியமில்லை. வீட்டுக்கு வந்த புதிதில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மூன்றாவது வாரம் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போதுதான், நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள் என்பதே மனிதருக்கு உறைக்கும்.

அவரிடம் தனியாக இரண்டே கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் ஈடுபாடோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா? மனது கனத்துப்போய், நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டரிடமோ குடும்ப டாக்டரிடமோ அழைத்துப் போங்கள். ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே போக வேண்டும். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். இலவசம். அதற்குத் தலைமை ஏற்று நடத்துவதே நம் ஊர் நிம்ஹான்ஸ்தான்.

டாக்டர் உடனே மனநல மாத்திரையை எழுதிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். முதலில் ஹீமோகுளோபின் பார்ப்பார். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் குறைந்திருந்தால் நாலடி நடந்தாலே களைக்கும். ‘நாளைக்கு’ என்று அவர் சொல்வதில் பாதி அதுவாகவே இருக்கலாம். தைராய்டு, சோடியம், சர்க்கரை பார்ப்பார். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சிலரை மந்தமாக்கும். அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார், வீட்டில் யாரும் நிறுத்தக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகு மனச்சோர்வுதான் என்றால் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, செர்ட்ரலின் போல. ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பதால் அதை டாக்டர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இனி நீங்கள் அனுப்பும் படங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை அனுப்புகிறீர்கள்? என்னிடம் வந்த ஒருவர் போனைக் காட்டினார். காலையிலிருந்து நாற்பத்தேழு படம், கடைசியில் ‘பாத்தியா?’ என்று ஒரு வரி. பைபாஸுக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கவனம் நிலைக்காது. ஒரு பக்கம் பேப்பர் படிப்பதற்குள் முதல் பத்தி மறந்துபோகும். இதை அவர்கள் வெளியில் சொல்ல மாட்டார்கள், ‘புத்தி கெட்டுப்போச்சோ’ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதுவரை நாற்பது படம் அவருக்குப் பாரம்தான். நீங்கள் மூவரும் வெயிலில் நின்று வடை தின்கிறீர்கள், அவர் கட்டிலில் கிடக்கிறார். ஒவ்வொரு படமும் அதைத்தான் சொல்கிறது.

ஒன்றே ஒன்று அனுப்புங்கள், அதுவும் அவரிடம் கேட்பதாக. டீசல் இன்ஜின் சத்தத்தைப் பதிவுசெய்து, எந்த வகை இன்ஜின், ‘ஆல்கோவா இஎம்டியா, சந்தேகமா இருக்கு’ என்று கேளுங்கள். இன்ஜின் நம்பரை மட்டும் அனுப்பி ‘எந்த ஷெட்டுண்ணே?’ என்று கேளுங்கள். உங்கள் குழுவில் அவர்தான் மூத்தவர், தெரிந்தவர். ஏழு வாரமாக அவரிடம் எல்லோரும் கேட்பது ‘மாத்திரை போட்டீங்களா, மோஷன் போச்சா’ மட்டும்தான். இன்னொரு கேள்வியை நானே தருகிறேன்: இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் ஆபரேஷன் எங்கே நடந்தது? பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975ல், டாக்டர் கே.எம். செரியன் செய்தது. ரயில்வேக்காரர்களே மறந்துவிட்ட விஷயம். பதில் வருகிறதா பாருங்கள். ரயிலைப் பற்றிப் பேசினால் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது, தாராளமாகப் பேசலாம்.

நடைக்கு ‘வாக்கிங் வாங்க’ என்று கூப்பிட்டால் வர மாட்டார். ஆறு வாரம் தாண்டியவர்கள் பொதுவாக ஒரே நடையாக அரை மணி நேரம் நடக்கும் நிலைக்கு வந்திருப்பார்கள். இவர் படுத்தே இருந்ததால், டாக்டர் பார்த்துச் சரி என்றதும், ஐந்து ஐந்து நிமிடமாகக் காலை, மாலை என்று தொடங்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரண்டு நிமிடம் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். ரயில்வே ஆட்களிடம் இதைச் சொல்வது சுலபம். பாதை புதுப்பித்த இடத்தில் காஷன் ஆர்டர் (மெதுவாகப் போகச் சொல்லும் உத்தரவு) போட்டு இருபது கிலோமீட்டரில் ஓட்டி, பிறகு படிப்படியாகத்தானே வேகத்தை ஏற்றுகிறார்கள் என்று என்னிடம் வந்த ஒரு லோகோ பைலட்டே எனக்கு விளக்கியிருக்கிறார். உங்களில் ஒருவர் தினமும் மாலை வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நில்லுங்கள். தெருமுனை வரை, பிறகு ஈஸ்ட் ஸ்டேஷன் வரை. போனதும் பெஞ்சில் உட்கார வையுங்கள், ஒரு ரயில் போனதும் திரும்பிவிடுங்கள்.

பிளாட்பாரத்தில் இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பீட்டா பிளாக்கரும் பிரஷர் மாத்திரையும் எடுப்பவர் குந்தி உட்கார்ந்து தண்டவாள மட்டத்தில் படம் எடுத்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். கண்ணில் கேமரா, எதிரே ரயில், தலை சுற்றல். மஞ்சள் கோட்டுக்கு அருகில் இது மூன்றும் சேரவே கூடாது. அவர் உட்கார்ந்தபடியோ தூணில் சாய்ந்தோ எடுக்கட்டும். மற்றது நடைமேம்பாலம். அது இரண்டு மாடி ஏறுவதற்குச் சமம். நடுவில் ஒருமுறை நின்று, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு ஏறலாம். கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறக்கூடாது.

இழுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அறுத்த நெஞ்செலும்பு ஓரளவு கூட ஆறிலிருந்து எட்டு வாரம், முழுப் பலம் வர மூன்று மாதம் ஆகும். அதுவரை நெஞ்சை இரண்டு பக்கமும் பிரிக்கும் எந்த வேலையும் ஆகாது. நம் ஆட்கள் ரயிலில் ஏறுவதைப் பாருங்கள். வாசலில் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து ஒரு எம்பு. முழு எடையும் நெஞ்செலும்பில்தான் விழும். கால் பலத்தில் ஏற வேண்டும், கம்பி சாயாமல் இருக்க மட்டும். பெரிய ஜூம் லென்ஸ் மாட்டிய கேமரா இரண்டரை, மூன்று கிலோ வரும். ட்ரைபாட் அது தனி. மூன்று மாதம் வரை வேண்டாம். சின்ன கேமராவோ போனோ இப்போதே எடுக்கலாம். பையின் பட்டை குறுக்காகத் தழும்பின் மேல் அழுத்தக்கூடாது, முதுகுப் பையும் தோளைப் பின்னால் இழுக்கும்; பையை நீங்கள் யாராவது தூக்குங்கள். பைக் ஓட்ட மூன்று மாதம் ஆகட்டும். இருமும்போது நெஞ்செலும்பில் ‘டக்’கென்று சத்தமோ அசைவோ தெரிந்தால், தழும்பு சிவந்து நீர் வடிந்தால், 100.4க்கு மேல் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மெட்ரோ வாசலில் மெட்டல் டிடெக்டர் கத்துமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பொதுவாகக் கத்தாது.

கால் வீக்கம். நரம்பு எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், உண்மையில் எடுத்தது ஒரு ரத்தக்குழாய். அந்த ஒரு காலில் மட்டும் மாலையில் வீங்கி, காலையில் வடிந்தால் சில வாரம், சில மாதம்கூட இருக்கும். உட்காரும்போது காலைத் தூக்கி வைக்கட்டும், உப்பைக் குறைக்கட்டும். கணுக்கால் பக்கம் மரத்துப்போவதும் வழக்கம்தான். கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ, இரண்டு காலும் வீங்கி ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினாலோ, மல்லாந்து படுக்க மூச்சு முட்டினாலோ தாமதிக்காதீர்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லையென்றால் நண்பர்கள் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம், பழக்கூடையைவிட உபயோகம்.

அவர் மனைவி சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழு வாரமாக அந்த அம்மா ஒரு இரவாவது முழுதாகத் தூங்கினாரா என்று யாராவது கேட்டீர்களா? அதிகாலையில் எழுந்து ரயில் பார்க்க ஓடியதால்தான் மாரடைப்பு வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். ரயிலால் வரவில்லை, சிகரெட், சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, பரம்பரை என்ற வழக்கமான வழியில்தான் வரும். அதை அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் நண்பரோடு நீங்கள் இருந்துகொண்டு அந்த அம்மாவை எங்காவது அனுப்புங்கள், அல்சூர் கோவிலுக்கோ, அக்கா வீட்டுக்கோ, வெறுமனே தூங்கவோ. மூவரில் யாராவது இன்னும் சிகரெட் பிடித்தால் அந்த வீட்டு வாசலில்கூட வேண்டாம்.

டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதீர்கள். பயணத்தின்போது பதின்மூன்று வாரம் ஆகியிருக்கும். ரயிலில் உட்கார்ந்து போக அது போதும். ஆனால் அந்த மலைப்பாதை மற்றப் பாதைகளைப் போலில்லை. சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை சுமார் 55 கிலோமீட்டர், 57 சுரங்கம், மெதுவாக ஊர்ந்து இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடமில்லை, பல இடத்தில் போனும் எடுக்காது. அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு டாக்டரைப் பார்த்து, நிற்காமல் அரை மணி நேரம் நடந்தும் இரண்டு மாடி ஏறியும் நெஞ்சில் வலியோ இறுக்கமோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டில் ஒன்று முடியவில்லையென்றாலும் நால்வரும் சேர்ந்து தள்ளிப்போடுங்கள், அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போகும்போது மாத்திரைகள் பெட்டியில் வேண்டாம், அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை உங்கள் மூவர் போனிலும் படமெடுத்து வையுங்கள். மணிக்கொருமுறை எழுந்து பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். வாசல்படியில் நின்று படம் எடுக்க அவருக்கு மட்டும் இல்லை, உங்கள் யாருக்குமே அனுமதி கிடையாது. எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்பதை எனக்கு எழுதிக் கேட்காதீர்கள், இன்றைக்கு அவரிடம் கேளுங்கள்.