சுணை உள்ள மனசு

குற்றவுணர்வையும் அதன் உறவுச் சொற்களையும் பற்றிக் காவிரிப் படுகை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, கும்பகோணத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

மன்னார்குடி, சட்ட மாணவர்: டீச்சர், குற்றம், தவறு, தப்பு மூன்றும் ஒன்றுதானா? குற்றவாளிக்குத்தானே குற்றவுணர்வு வரும்?

தம்பி, உங்கள் பாடத்தில் குற்றம் என்றால் சட்டம் தண்டிக்கிற செயல். ஆனால் அந்தச் சொல்லுக்குக் குறை, மாசு என்ற பொருளும் உண்டு. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா, "குத்தங்குறை இருந்தா பொறுத்துக்கணும்" என்று கை கூப்புகிறாரே, அவர் சொல்வது பந்தியில் விட்டுப்போன அப்பளத்தை. திருக்குறளின் 44ஆம் அதிகாரம் குற்றங்கடிதல். அங்கே குற்றம் என்று வருபவை செருக்கு, சினம், கஞ்சத்தனம் போன்றவை.

தவறு என்பது விலகிப்போவது, கால் தவறுவது போல. இறந்தவரைக்கூட 'தவறிட்டார்' என்கிறோம், அதில் பழி ஏதுமில்லை. தப்பு என்பது பேச்சில் தவறின் இடத்தில் வருவது.

குற்றம் செயலில் இருக்கிறது, குற்றவுணர்வு நெஞ்சில். நீதிமன்றம் விடுவித்தவருக்கும் அது வரலாம், தண்டனை பெற்றவருக்கு வராமலும் போகலாம்.

திருவையாறு, இல்லத்தரசி: குற்றவுணர்வு என்று என் பாட்டி சொல்லிக் கேட்டதே இல்லை. அவர்கள் காலத்தில் எப்படிச் சொல்லியிருப்பார்கள்?

உறுத்துது, குத்துது, அரிக்குது, சுடுது. எல்லாமே உடம்பில் படுகிற சொற்கள், கவனியுங்கள் அம்மா. தன் நெஞ்சறியப் பொய் சொன்னால் 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்று வள்ளுவரும் உடம்பின் சொல்லைத்தான் எடுக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது சுணை. கதிரடித்துவிட்டு வந்தால் கழுத்தெல்லாம் அரிக்குமே, அந்த நெல் சுணை. மான உணர்ச்சிக்கும் அதுவே பெயர். 'சுணை கெட்டவன்' என்றால் எது பட்டாலும் அரிக்காதவன். எங்கள் அப்பா ஒரு கோடையில், முறைத் தண்ணீர் எங்களுக்கு இல்லாத இரவில், பக்கத்து வயலின் மடையை அடைத்துவிட்டு எங்கள் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினார். யாரும் பார்க்கவில்லை. அந்த வயல்காரர் இறந்த அன்று, பல வருஷம் கழித்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்களிடம் சொல்லி அழுதார். சுணை அத்தனை நாள் உள்ளேயே இருந்திருக்கிறது.

ஆடுதுறை, வியாபாரி: பாவம், பழி, குற்றவுணர்வு, இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

உங்களுக்குப் பக்கத்திலேயே கதை இருக்கிறது. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் சிக்கி ஓர் அந்தணர் இறந்துபோகிறார். அரசன் அறிந்து செய்ததில்லை, ஆனாலும் பிரம்மஹத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பாவம், அவனை விடாமல் தொடர்கிறது. திருவிடைமருதூர் கோயிலுக்குள் கிழக்கு வாசல் வழியே நுழைகிறான், அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவன் மேற்கு வாசல் வழியே வெளியேறிவிடுகிறான் என்பது தலபுராணம். இன்றும் அங்கே வந்த வழியே திரும்பாத வழக்கம் உண்டு.

பாவம் அறியாமல் செய்தாலும் ஒட்டும் என்பது அந்தக் கதையின் நம்பிக்கை. பழி ஊரார் வாயில் இருப்பது, செய்யாதவர் மேலும் விழும். குற்றவுணர்வு மட்டும் நமக்குள்ளேயே இருப்பது. அது காத்திருப்பதற்கு வாசல் தேவையில்லை.

நாகப்பட்டினம், பெயர் சொல்ல விரும்பாதவர்: 2004 டிசம்பர் 26 அன்று அலையில் அக்கா போய்விட்டாள். கையைப் பிடித்திருந்த நான் பிழைத்துக்கொண்டேன். இதற்கு என்ன பெயர் டீச்சர்?

தங்கச்சி, உங்கள் மாவட்டத்தில் மட்டும் அன்று 6,000 பேருக்கு மேல் போனார்கள். தப்பியவர்களில் பலர் இதையே சுமக்கிறார்கள். உயிர் பிழைத்தவரின் குற்றவுணர்வு என்றே மனநல மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள்.

தமிழில் பிழைத்தல் என்றால் தவறு செய்வது, உயிரோடு மீள்வது, இரண்டும்தான். இலக்கு தப்பினாலும் பிழைத்தல், சாவு தப்பினாலும் பிழைத்தல். நீங்கள் சொன்ன சொல் ஒன்றுதான், ஆனால் உங்களுடையது இரண்டாவது பொருள். முதல் பொருளை உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அந்தத் தண்ணீரின் வேகத்துக்கு எந்தக் கைப்பிடியும் நிற்காது. தூக்கம் கெடுகிறது என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவி: கழிவிரக்கம் என்றால் தன்னிரக்கம்தானே? அப்புறம், குற்ற உணர்வு என்று பிரித்து எழுதலாமா?

தன்னிரக்கம் இல்லைம்மா. கழிந்துபோனதை நினைத்து இரங்குவதுதான் கழிவிரக்கம். 'நான் பாவம்' என்கிற பொருளில் இப்போது எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குற்ற உணர்வு, குற்றவுணர்வு இரண்டும் சரி. சேர்த்து எழுதும்போது நடுவில் வகரம் வரும்.