சென்சார் சர்டிபிகேட் வாங்கிட்டா போதுமா? முதல் படம் எடுக்கற தம்பிக்கு

திருநெல்வேலி பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "என் படத்துல சாமி நம்பிக்கை இல்லாத பையன் ஒருத்தன், ஊர் கொடை (எங்க ஊர் கோயில் திருவிழா) நடுவுல சாமியாடிகிட்ட சண்டை போடுற சீன் இருக்கு. சென்சார் ஆயிடுச்சுன்னா அப்புறம் யாரும் படத்தை நிறுத்த முடியாதுல்ல? இல்ல அந்த சீனையே தூக்கிடவா?"

தூக்காதீங்க தம்பி. ஆனா சர்டிபிகேட்டை நம்பி நிம்மதியா தூங்கவும் செய்யாதீங்க.

சட்டம் உங்க பக்கம் நல்லாவே இருக்கு. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தோட யு சர்டிபிகேட்டை மெட்ராஸ் ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, தயாரிப்பாளர் சுப்ரீம் கோர்ட் போனார், 1989ல தீர்ப்பு வந்துச்சு: போராட்டம் பண்ணுவோம், கலவரம் வரும்னு மிரட்டுறாங்கங்கறதுக்காக படத்தை நிறுத்தக்கூடாது, பாதுகாப்பு கொடுக்கறது அரசாங்கத்தோட வேலைன்னு. அந்தப் படம் இட ஒதுக்கீடு பத்தினது, ஆனாலும் மத விவகாரம் வந்தா இன்னைக்கும் வக்கீலுங்க கையில எடுக்கறது அதைத்தான்.

பிரச்சனை என்னன்னா கோர்ட்டுக்கு ஒரு காலண்டர், தியேட்டருக்கு வேற காலண்டர். விஸ்வரூபம் ஞாபகம் இருக்கா? சென்சார் ஆன படம், 2013 ஜனவரி 25 ரிலீஸ்னு இருந்தப்ப முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தாங்க, மாவட்டம் மாவட்டமா கலெக்டருங்க 144 போட்டாங்க, ஹைகோர்ட்ல ஒரு நீதிபதி படத்தை பாத்துட்டு தடையை நிறுத்தி வைச்சார், மறுநாளே ரெண்டு நீதிபதி பெஞ்ச் அதை திருப்பிடுச்சு, கடைசியில உக்காந்து பேசி சில இடங்களை மியூட் பண்ண ஒத்துக்கிட்டு பிப்ரவரி 7 அன்னைக்குத்தான் தமிழ்நாட்டுல வந்துச்சு. கமலுக்கே 13 நாள். வட்டிக்கு வாங்கி எடுக்கற உங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனாலே கதை முடிஞ்சுது. அதனால சர்டிபிகேட் கைக்கு வராம தேதி அறிவிக்காதீங்க. வெட்டு சொன்னாங்கன்னா படத்தை மறுபடி பாக்கற ரிவைசிங் கமிட்டி, அதுக்கும் மேல ஹைகோர்ட்தான், முன்ன இருந்த அப்பீல் ட்ரிப்யூனலை 2021ல கலைச்சுட்டாங்க.

போலீஸ் கேஸ் வருமான்னா வரலாம். பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 295ஏ பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) 299, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா வேணும்னே, கெட்ட எண்ணத்தோட மத உணர்வை அவமதிச்சாத்தான் அது குத்தம். அதனால அந்த சண்டையில சாமியாடிக்கும் நல்ல வசனம் கொடுங்க, அவரை கோமாளியா ஆக்கிடாதீங்க, சீனும் அப்பத்தான் நிக்கும், ரெண்டு பேருக்கும் நியாயம் இருந்தாத்தானே சண்டை. நிஜ கோயில் பேரும் வேண்டாம். "அனைத்தும் கற்பனையே" கார்டு போடுங்க, ஆனா அது ஒண்ணும் கவசம் இல்ல.

இப்ப நிறைய பேர் கோட்டை விடுற இடத்துக்கு வரேன். யூடியூப்ல போடுற டிரெய்லரும் ட்விட்டர்ல போடுற போஸ்டரும் சென்சாருக்கே போறதில்ல, அதான் முதல்ல தீப்பிடிக்கற இடம். 2022ல லீனா மணிமேகலையோட 'காளி'க்கு ஒரே ஒரு போஸ்டர், படத்தை பாத்தவங்க ரொம்ப கம்மி, ஆனா பல மாநிலத்துல எஃப்ஐஆர், சுப்ரீம் கோர்ட் இடைக்கால பாதுகாப்பு கொடுக்கற வரைக்கும் போச்சு. ரெண்டரை மணி நேர படத்துல நியாயமா தெரியற வசனம் பத்து செகண்ட் கிளிப்புல வெறும் திட்டா தெரியும். கொடை சீனை டிரெய்லர்ல வைக்காதீங்க, அவ்ளோதான்.

அப்புறம் ஓடிடி. அன்னபூரணி 2023 டிசம்பர் 1 தியேட்டருக்கு வந்துச்சு, சென்சார் ஆன படம்தான், அப்ப பெருசா சத்தமே இல்ல. நெட்ஃப்ளிக்ஸ்ல வந்ததும் ராமர் பத்தின வசனத்துக்கு புகார் கிளம்பி ஜனவரியில படத்தையே எடுத்துட்டாங்க, நயன்தாரா மன்னிப்பு கேட்டாங்க. தடை உத்தரவே தேவைப்படல பாருங்க. உங்க அக்ரிமெண்ட்ல படத்தை தூக்கினா காசை திருப்பிக் கொடுக்கணுமா, உங்களை கேக்காம சீன் வெட்டலாமான்னு ரெண்டு விஷயத்தை கையெழுத்துக்கு முன்னாடி வக்கீலை வெச்சு படிங்க.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், கொடையில கெடா வருதா? அப்ப ஷூட்டிங்குக்கு முன்னாடியே விலங்கு நல வாரியத்துல அனுமதிக்கு போடுங்க, அந்த ஆபீஸ் முன்ன சென்னையிலயே இருந்துச்சு, இப்ப ஹரியானா போயிடுச்சு. வாரியம் கொடுக்கற அந்த என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) இல்லாம போனா சாமியாடி சண்டை பத்தி பேசறதுக்கு முன்னாடியே சென்சார்ல ஆட்டுகிட்ட மாட்டிப்பீங்க.