பொருளாதாரம் படிக்க ஆசை: பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுக்கலாம்?

"மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. எகனாமிக்ஸ் ஹானர்ஸ் சேர வேண்டும் என்கிறாள். காமர்ஸ் குரூப்பில்தானே பொருளியல் இருக்கிறது? அதை எடுத்தால் போதும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பொருளியல் என்ற பெயர் குரூப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் முன், கணிதம் இருக்கிறதா என்று பாருங்கள். டெல்லி பல்கலையின் எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்குப் பிளஸ் டூவில் பொருளியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கணிதம் கட்டாயம். கேட்பதற்கு விசித்திரமாகத்தான் இருக்கும். எனக்கு இது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 62 மதிப்பெண். "உனக்குக் கணக்கு வராதுப்பா, வரலாறு இருக்கிற குரூப்புல சேர்ந்துக்கோ" என்றார் விண்ணப்பம் வாங்கிய ஆசிரியர். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு. அப்பா கையெழுத்துப் போட்டார், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 2009-ல் பிளஸ் டூ, அப்புறம் எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே பி.ஏ. பொருளாதாரம். பொருளியலில் எப்போதும் நல்ல மதிப்பெண்தான். எம்.ஏ.வுக்குச் சென்னை வந்தேன்.

முதல் வாரம். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பயன்பாட்டுச் சார்பை எழுதினார், கீழே வருமானக் கட்டுப்பாட்டை எழுதினார், இரண்டையும் ஓர் எழுத்தால் கோத்து வகையிட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவனிடம், "அது என்னடா, ஒய்யைத் தலைகீழாப் போட்ட மாதிரி?" என்று கேட்டேன். லாம்டா என்ற கிரேக்க எழுத்து. அவன் பி.எஸ்சி. கணிதம் முடித்தவன், அதுவரை பொருளாதாரத்தில் ஒரு பாடம்கூடப் படிக்காதவன். அந்தக் கணக்கை இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடம் பொருளாதாரம் படித்த நான் 'இறுதிநிலைப் பயன்பாடு' என்பதற்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதுவேன். அந்த இறுதிநிலை என்பது ஒரு வகைக்கெழு, அதாவது ஒன்று துளி மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்ற கணக்கு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய பிளஸ் டூ கணிதப் புத்தகம் வாங்கினேன். 22 வயதில் பதினேழு வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடம். ஆறு மாதம் தூக்கம் போனது.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்று உங்கள் மகளே கேட்கலாம். ஒரு வடைக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். விலை எவ்வளவு வைத்தாலும், நூறிலிருந்து அந்த விலையின் ஐந்து மடங்கைக் கழித்தால் வருகிற எண்ணிக்கையில் வடை விற்கிறது என்று வைப்போம். விலை 12 ரூபாய் என்றால் 40 வடை. பொருளியல் புத்தகம் இந்த இடத்தில் 'தேவை நெகிழ்ச்சி' என்று தலைப்பிட்டு, அதன் வகைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் படம் போடும். கணக்குத் தெரிந்த பிள்ளை, ஐந்தைப் பன்னிரண்டால் பெருக்கி நாற்பதால் வகுத்து, நெகிழ்ச்சி ஒன்றரை என்று சொல்லிவிடும். அதாவது அந்த விலையில் ஒரு சதவீதம் ஏற்றினால் விற்பனை ஒன்றரை சதவீதம் குறையும். கடைக்காரர் ஏற்றக் கூடாது, இறக்க வேண்டும். இதே கடை கல்லூரியில் வரும்போது பக்கத்தில் இட்லிக்கடையும் வரியும் சேர்ந்து நிற்கும். அப்போது மனப்பாடம் கை கொடுக்காது. டெல்லியில் அடிப்படைக் கணித முறைகளும் புள்ளியியலும் ஆரம்பப் பருவங்களிலேயே வந்துவிடும்.

சரி, குரூப்புக்கு வருவோம்.

மகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்றால் என் முதல் தேர்வு, கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ள ஃபர்ஸ்ட் குரூப். பொருளாதாரத்துக்கு வேதியியல் எதற்கு என்று கேட்டால் எதற்குமே இல்லைதான். ஆனால் அந்தக் கணிதப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் மறுகேள்வி கேட்காமல் ஏற்கும். இன்னொன்று, கான்பூர், மும்பை ஐ.ஐ.டி.களில் நான்கு வருட பி.எஸ். பொருளாதாரம் இருக்கிறது. அதற்கு வழி ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்ட், அதாவது கணிதத்தோடு இயற்பியலும் வேதியியலும். காமர்ஸ் எடுத்த அன்றே அந்தக் கதவு சாத்திவிடும். ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் ரகுராம் ராஜன் முதலில் படித்தது டெல்லி ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் என்பதை நினைத்துப் பாருங்கள். பொருளாதாரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நிறைய.

இயற்பியல், வேதியியல் என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளையை இரண்டு வருடம் அதில் அடைத்துவைக்கவும் வேண்டாம். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நாலாவது பாடமாக 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' இருக்கிற குரூப்பைத் தேடுங்கள். பிசினஸ் மேக்ஸ் என்றால் வட்டிக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்கு வயிற்றெரிச்சலே வந்தது. அணிகள் பாடத்திலேயே, ஒரு தொழிலின் உற்பத்தி இன்னொரு தொழிலுக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கிடும் உள்ளீடு–வெளியீடு பகுப்பாய்வு இருக்கிறது. வாசிலி லியோன்டீஃப் 1973-ல் நோபல் பரிசு வாங்கியது அதற்குத்தான். வகையிடலின் பயன்பாடுகளில் இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி, பகுதி வகைக்கெழு எல்லாம் உண்டு. பிளஸ் டூவில் தொகையிடல் வழியாக நுகர்வோர் உபரி, அப்புறம் நிகழ்தகவுப் பரவல், குறியீட்டெண், காலத்தொடர். நான் மூர் மார்க்கெட்டில் தேடிய சரக்கு முழுவதும் அங்கே இருந்தது.

ஒரே எச்சரிக்கை. டெல்லி 'கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதம்' என்று கேட்கிறது. உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலில் 'வணிகக் கணிதம்' என்று இருக்கும். ஆகவே சேர்க்கும் முன் அந்தப் பல்கலையின் சேர்க்கைக் கையேட்டில் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள், சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்பது இந்த விஷயத்தில் செல்லாது. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இந்தத் தலைவலி இல்லை. காமர்ஸோடு கணிதமோ பயன்பாட்டுக் கணிதமோ எடுக்கலாம். டெல்லி மட்டும்தான் குறி என்றால் எல்லாவற்றிலும் வசதியான சேர்க்கை அதுதான். ஆனால் இந்தியப் புள்ளியியல் கழகம் என்று பின்னால் ஆசை விரியக்கூடும் என்றால் பயன்பாட்டுக் கணிதத்தைவிடக் கணிதமே மேல்.

நுழைவுத் தேர்வைப் பற்றி. 2022 முதல் டெல்லியில் சேர்க்கை க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் டூவில் 590 எடுத்தாலும் அது இரண்டாம் பட்சம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே அந்தத் தேர்வை எழுத வேண்டும் என்று டெல்லி விதி வைத்திருக்கிறது. குரூப் தேர்வு இவ்வளவு முக்கியமாவது அதனால்தான். பின்னால் கோச்சிங் போய்க் கணிதம் எழுதிக்கொள்ளலாம் என்ற வழி கிடையாது. பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி., அதாவது சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தும் புத்தகங்கள். ஆகவே மாநிலப் பாடத்திட்டப் பிள்ளை அந்தப் புத்தகங்களையும் பதினோராம் வகுப்பிலிருந்தே தொட்டுக்கொண்டு வர வேண்டும். சரியான விடைக்கு ஐந்து, தவறுக்கு மைனஸ் ஒன்று. கணிதத் தாளில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் நேரத்தில்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு சௌகரியம்: மொழித் தாளுக்கான பட்டியலில் தமிழும் உண்டு. ஆனால் டெல்லியில் வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் தினம் ஓர் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

பொருளியல் பாடத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிளஸ் ஒன் பொருளியலில் தமிழ்நாட்டுப் பொருளாதாரத்துக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது; பிள்ளைக்கு இந்தத் துறை பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள அது நல்ல இடம். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தாலும் அந்தப் புத்தகத்தை விடுமுறையில் கதைப் புத்தகம் மாதிரி படிக்கலாம். கணிதத்தை அப்படிப் படிக்க முடியாது. இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து, தினம் நாலு கணக்குப் போட்டு, தப்புவிட்டுத்தான் வரும்.

பள்ளியில் விண்ணப்பம் நிரப்பும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிசினஸ் மேக்ஸுக்கு ஆசிரியர் இருக்கிறாரா? பல பள்ளிகளில் குரூப் காகிதத்தில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஜூலையில், "கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸுக்கு மாத்திக்கோங்க" என்பார்கள். அப்படிச் சொன்னால் தலையாட்ட வேண்டாம், பக்கத்து ஊர்ப் பள்ளி என்றாலும் பரவாயில்லை, மாற்றுங்கள்.

மகளுக்குக் கணக்கு வருமா என்று தயங்கினால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன வடைக்கடையைக் கொடுத்து, கடைக்காரருக்கு அதிகப் பணம் எந்த விலையில் வரும் என்று கேளுங்கள். பன்னிரண்டுக்கு 480 ரூபாய், பதினொன்றுக்கு 495, பத்துக்கு 500, ஒன்பதுக்கு மறுபடி 495. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பத்து என்று சொன்னால் போதும், சேர்த்துவிடுங்கள். "இப்படி ஒவ்வொண்ணாப் போடாம நேரா கண்டுபிடிக்க வழி இருக்காப்பா?" என்று கேட்டாள் என்றால் ஃபர்ஸ்ட் குரூப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.