மச்சானின் கடைக்கு நீங்கள் ஏன் வட்டி கட்டுகிறீர்கள்?

கேள்வி: அப்பா காலத்துக் கொல்லப்பட்டறையை யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நடத்துகிறேன். வயது 46. கத்தி, கோடாலி, பாளைக்கத்தி, சத்தகம் அடிக்கிறேன். பழைய மண்வெட்டி, அலவாங்கு காய்ச்சித் தட்டியும் கொடுக்கிறேன். உதவிக்கு ஒரு பொடியன் நிற்கிறான். மாதம் 90 கத்தி அளவில் மூத்த மச்சானின் (மனைவியின் தமையன்) ஹாட்வெயார் கடைக்குப் போகிறது, ஒன்று 1,200 ரூபா. வீட்டுக்கு வந்து கேட்பவர்களுக்கு 1,700க்குக் கொடுக்கிறேன், மாதம் பத்துப் பதினொன்று போகும். மச்சான் சிறுகச் சிறுகத்தான் தருவார். ஒரு வருடத்தில் 540,000 ரூபா நிலுவையாகிவிட்டது. கரிக்கும் இரும்புக்கும் காசில்லாமல் மனைவியின் தாலிக்கொடியையும் மகளின் சங்கிலியையும் 420,000க்கு அடகு வைத்திருக்கிறேன், மாதம் நூற்றுக்கு 1.75 வட்டி. கைக்கடன் 60,000, மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. நகை அடகில் இருப்பது மனைவிக்குத் தெரியும், தமையன் எவ்வளவு தரவேண்டும் என்பது தெரியாது. மின்சாரச் சம்மட்டி இயந்திரம் லீசிங்கில் எடுத்தால் உற்பத்தி இரட்டிப்பாகும் என்கிறார்கள். விலை 9 இலட்சம், முதலில் 2 இலட்சம், பிறகு மாதம் 24,000 வீதம் 48 மாதம். அக்காவின் மகன் ஒரு டொலர் ஆப் பற்றியும் சொல்கிறான். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், வலிகாமம்

பதில்: இயந்திரத்தை இப்போது எடுக்க வேண்டாம். முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

நீங்கள் கணக்கு எழுதுகிற சிஆர் கொப்பியின் படத்தை அனுப்பியிருந்தீர்கள், பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் கரி படிந்த பெருவிரல் அடையாளம். இடது பக்கத்தில் செலவு ஒழுங்காக இருக்கிறது. பட்டை இரும்பு, கரி, பிடிக்கு மரம், பொடியனின் சம்பளம், ஒன்றும் விடுபடவில்லை. வலது பக்கத்தில் மச்சானுக்குப் போன கத்திக் கட்டுகள்: 15, 20, 15, 20. அதற்கு நேரே ‘தந்தது’ என்ற இடத்தில் 5,000, 8,000, பிறகு மூன்று வரி வெறுமை. இப்படி எழுதி வைக்கிற மனிதருக்கு வரவு செலவு எழுதுங்கள், வீண்செலவைக் குறையுங்கள் என்று நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. பட்டறையில் பிழை இல்லை. பிழை அந்த வலது பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் கணக்குப்படி ஒரு கத்திக்கு இரும்பு 350, கரி 200, பிடி 120, பொடியனின் கூலி 330. ஆக 1,000. மச்சான் விலை 1,200. ஒரு கத்தியில் 200 மிஞ்சுகிறது, 90 கத்திக்கு 18,000. அடகு வட்டி மாதம் 7,350, கைக்கடன் வட்டி 6,000, இரண்டும் 13,350. மீதி 4,650. அதாவது மச்சான் முழுக் காசையும் ஒழுங்காகத் தந்தால்கூட, உலைக்கு முன்னால் நின்று நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு கத்திக்கும் உங்கள் கைக்கு வருவது 50 ரூபா சொச்சம். உங்கள் சொந்தக் கூலியை இந்தக் கணக்கில் எங்கும் காணவில்லை. அவர் ஒழுங்காகத் தருவதும் இல்லை. மாதம் 108,000க்குச் சாமான் போகிறது, சராசரி 63,000 தான் திரும்பி வருகிறது. அந்த 90 கத்திக்கு நீங்கள் கையிலிருந்து போட்டது 90,000. துண்டு விழுகிற 27,000ஐ எங்கிருந்து எடுத்தீர்கள்? தாலிக்கொடியிலிருந்து.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நீங்கள் தரவேண்டியது 480,000. உங்களுக்கு வரவேண்டியது 540,000. மச்சான் நாளைக்குக் காசைத் தந்தால் உங்களுக்குக் கடனே இல்லை, கையில் 60,000 நிற்கும். உங்களுடைய கடன் என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் அவருடைய கடையின் கடன். அவருடைய தட்டில் கத்தி அடுக்கியிருக்க, அதற்கு வட்டி கட்டுவது நீங்கள்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் பட்ட அடியிலிருந்து எத்தனையோ கடைகள் இன்னும் நிமிரவில்லை. வட்டியில்லாமல், கேள்வியில்லாமல் சாமான் தருகிற ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் எந்தக் கடைக்காரரும் அவருக்குத்தான் கடைசியாகக் காசு கொடுப்பார். பெயின்ட் கொம்பனிக்கும் சீமெந்து லொறிக்கும் அவர் தவணை தவறுவதில்லை, கவனித்துப் பாருங்கள். தவறினால் அவர்கள் சாமான் இறக்க மாட்டார்கள்.

இனி இயந்திரம். 24,000 வீதம் 48 மாதம் என்றால் 1,152,000. நீங்கள் கடன் எடுப்பது 7 இலட்சம். மேலே போகிற நாலரை இலட்சம் முழுக்க வட்டி. உற்பத்தி இரட்டித்து இன்னும் 90 கத்தி வந்தால் அதில் மிஞ்சுவது அதே 18,000, தவணையோ 24,000. பொடியனின் கூலி ஒரு கத்திக்குக் கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரன்ட் பில் ஏறும். அந்த மேலதிக 90 கத்தியும் எங்கே போகும்? மச்சான் கடைக்குத்தான், கடனுக்குத்தான். அடுத்த வருடம் நிலுவை பத்து இலட்சம் தாண்டியிருக்கும். முதலில் போடவேண்டிய 2 இலட்சத்துக்கு நகையை இன்னும் கூட்டி வைக்க வேண்டிவரும். சம்மட்டி பிடிக்கத் தோள் முடியாத காலம் வரும், இயந்திரம் தேவைப்படும் என்பது எனக்கும் விளங்குகிறது. நிலுவை தீர்ந்த பிறகு அதைப் பேசுவோம்.

டொலர் ஆப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். ஆள் சேர்த்தால் வருமானம் என்று அதில் ஒரு வரி இருந்தால் அது பிரமிட் திட்டம். இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்த்துவிடுவதும் குற்றம். அக்காவின் மகனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவனுக்காகவே.

சரி, மச்சானிடம் எப்படிப் பேசுவது? இதுதான் உங்கள் கடிதத்தில் கேட்கப்படாத கேள்வி. அதற்கு முன்னால் மனைவியிடம் பேசுங்கள். நகை அவருடையது. நம்முடைய தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் தனிச் சொத்து, கணவனுடையது அல்ல. அவருடைய நகையை அடகு வைத்து அவருடைய தமையனின் கடையை நடத்திக்கொண்டு, அதை அவருக்கே சொல்லாமல் இருப்பது சரியில்லை. இன்றிரவு கொப்பியை விரித்து வலது பக்கத்தைக் காட்டுங்கள். குடும்பத்துக்குள் பிரிவு வரும் என்று பயப்படுகிறீர்கள். மகளின் சங்கிலி ஏலத்துக்குப் போனபின் வருகிற பிரிவு அதைவிடப் பெரிதாக இருக்கும்.

மனைவியும் கூட இருக்கும்போது, கடையில் அல்ல, வீட்டில் வைத்து இவ்வளவு சொன்னால் போதும்: “மச்சான், இனிமேல் கட்டுத் தரேக்க காசு தாங்கோ. பழசை வேற பக்கத்தில எழுதி வைச்சிருக்கிறன், மாதம் 30 ஆயிரமாக் கழிப்பம்.” கோபமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒருநாளும் கலக்க விடாதீர்கள். ‘இந்தக் காசு பழசுக்கு, சாமானைக் கடனுக்குத் தா’ என்று கேட்பார். அந்த இடத்தில் இளகினால் மறுபடியும் முதலிலிருந்துதான். அதோடு 1,200 என்பது முன்பு எப்போதோ பேசிய விலை. கரி விலை அந்த இடத்திலா நிற்கிறது? கைக்காசுக்கு வாங்கினால் 1,200, இல்லாவிட்டால் சாமான் இல்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து 1,300 கேளுங்கள்.

அவர் மாட்டேன் என்றால்? அதற்கும் பயப்படத் தேவையில்லை. நேரடியாக விற்கிற ஒரு கத்தியில் உங்களுக்கு 700 நிற்கிறது. 26 கத்தியை நேரே விற்றால் மச்சானுக்குக் கொடுக்கிற 90 கத்தியின் இலாபம் வந்துவிடும். கடைக்குக் கைக்காசுக்கு 40, நேரே 30 என்று வைத்துக்கொண்டால் 8,000மும் 21,000மும், ஆக 29,000. இப்போது நூறு கத்தி அடித்துக் காகிதத்தில் வருவதைவிட இது கூட. எழுபது கத்திக்கு 70,000 முதல் போதும், தோளுக்கும் கொஞ்சம் ஓய்வு.

அந்த 30ஐ எங்கே விற்பது என்று கேட்பீர்கள். அருவி வெட்டை, அதாவது நெல் அறுவடையை, இயந்திரம் பிடித்துக்கொண்டது, அரிவாளை நம்ப வேண்டாம். ஆனால் பாளைக்கத்தியை எந்த இயந்திரமும் பிடிக்கவில்லை. கள் இறக்கப் பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிசாகச் சீவுகிறவருக்குக் கடையில் தொங்கும் தகட்டுக் கத்தி உதவாது. லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்து, பதம் பார்த்துத் தோய்த்த அலகுதான் வேண்டும். சீவல் தொழிலாளர்கள் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களில் அங்கத்தவர்கள். உங்கள் பகுதிச் சங்கத்துக்குப் போய் நாலு கத்தியை மேசையில் வையுங்கள். சுன்னாகம் சந்தையில் ஒரு சாக்கு விரிக்கிற இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். தோட்டக்காரர் வருகிற இடம் அது. பழைய மண்வெட்டி காய்ச்சித் தட்ட அங்கேயே வாங்கிக்கொண்டு அடுத்த சந்தைக்குக் கொடுக்கலாம், அந்த வேலைக்கு யாரும் கடன் சொல்வதில்லை. கத்தியின் கழுத்தில் உங்கள் பட்டறைக்கென்று ஒரு சின்ன அடையாளம் குத்துங்கள். இப்போது உங்கள் கத்தி மச்சான் கடையில் இறக்குமதிக் கத்திகளோடு பெயரில்லாமல் கிடக்கிறது. வாங்கியவருக்கு அடுத்த முறை யாரைத் தேடுவதென்று தெரியாது.

வருகிற காசைக் கட்டுகிற ஒழுங்கு: முதல் இரண்டு மாதத்து 30,000மும் கைக்கடனுக்கு. அது தீர்ந்ததும் மாதம் 6,000 மூச்சு விடும். அதன் பிறகு அடகு. இன்னும் 14 மாதத்தில் அதுவும் முடியும். கடைசி இரண்டு மாதத்துக் காசு கரிக்கும் இரும்புக்குமான முதல், அதை வீட்டுச் செலவில் சேர்க்காதீர்கள். மச்சான் 30,000 தராமல் 15,000 தந்தால் காலம் இரட்டிக்கும், ஒழுங்கு மாறாது.

அடகு பற்றி ஒன்று விட்டுப்போனது. தவணை முடிகிற நாளில் வங்கிக்குப் போவீர்கள். பொன் விலை ஏறியிருக்கிறது, கூட்டித் தரலாம் என்று கவுன்டரில் கேட்பார்கள். போன வருடம் அப்படித்தான் 3 இலட்சம் 420,000 ஆனது என்று உங்கள் கொப்பியின் கீழ்வரியில் இருக்கிறது. அந்த விலையேற்றம் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் உரியது. வட்டியை மட்டும் கட்டுங்கள், முடிந்தால் அசலில் பத்தாயிரமாவது குறையுங்கள். கூட்டி எடுக்க வேண்டாம். இரண்டு நகையும் ஒரே அடகுத் துண்டில் இருந்தால் வெவ்வேறு துண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், சங்கிலியை முதலில் மீட்கலாம். துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுங்கள்.