ஆண்ட்ரோமெடாவைச் சூழ்ந்த வாயு 8 அங்குலத் தொலைநோக்கியில் தெரியுமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைச் (கேலக்ஸி) சுற்றியுள்ள வாயுவைப் படம் எடுத்துப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைக்கப் போகிறேன் என்கிறாள். அதற்காக 8 அங்குலத் தொலைநோக்கி வாங்கலாமா? — வாசகர், மன்னார்குடி

பதில்: இதற்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் கண் வைத்தாலும் அந்த வாயு தெரியாது. வெளிப்பகுதியில் ஒரு லிட்டர் இடத்தில் ஓர் அணு தேறினாலே அதிகம். ஆனால் பரப்பு மலைக்க வைக்கும்: எல்லாப் பக்கமும் சுமார் 13 லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரோமெடாவே நமக்கு 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது; வாயு பாதி வழிக்கு மேல் வந்துவிட்டது!

தெரியாததை எப்படி அளந்தார்கள்? அந்த வாயுவுக்குப் பின்னால் வெகு தொலைவில் உள்ள குவேசார்களின் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்) ஒளியை வைத்துத்தான். அந்த ஒளி வாயுவைக் கடக்கும்போது, கார்பன், சிலிக்கான், ஆக்சிஜன் அயனிகள் தங்களுக்குரிய அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் அந்த இடங்கள் கருங்கோடுகளாக விழும். இவை பெரும்பாலும் புற ஊதாவில் இருப்பதால் நம் காற்று மண்டலம் மறித்துவிடுகிறது; ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி தேவைப்பட்டது அதனால்தான். 2020-ல் வெளியான ஆய்வுக்கு 43 குவேசார்கள் உதவின. ஒரு குவேசார் ஓர் இடத்தைப் பற்றித்தான் சொல்லும். இத்தனை இருந்ததால்தான் உள்ளே எப்படி, ஓரத்தில் எப்படி என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

இந்த வாயு ஏன் முக்கியம் என்பதையும் மகள் எழுதி வைக்கட்டும். நம் பால்வெளி மண்டலத்தின் தட்டு போன்ற பகுதியில் உள்ள வாயுக் கையிருப்பு சில நூறு கோடி ஆண்டுகளில் விண்மீன்களாகித் தீர்ந்துவிடும். இதுபோல் சுற்றியுள்ள வாயு வெளியிலிருந்து வந்து சேருவதால்தான் புது விண்மீன்கள் பிறக்கின்றன. மேட்டூர் திறந்தால்தான் நமக்குக் குறுவை என்பது போல.

சரி, கண்காட்சிக்கு என்ன செய்வது? கருங்கோடுகளையே காட்டலாம். செருப்புப் பெட்டியின் ஒரு முனையில் இரண்டு சவர பிளேடுகளை முடியளவு இடைவெளி விட்டு ஒட்டுங்கள். மறுமுனையில் பழைய டிவிடித் துண்டு ஒன்றை, அதன் தடங்கள் பிளவுக்கு இணையாக இருக்கும்படி, சாய்வாகப் பொருத்துங்கள். மேலே கண் வைக்க ஓர் ஓட்டை. பகலில் பிளவை வானத்தின் பக்கம் திருப்பினால் (சூரியனை நோக்கி வேண்டவே வேண்டாம்) நிறங்களுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். தெரியாவிட்டால் பிளவை இன்னும் குறுக்குங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். அந்தக் கோடுகள், சூரியனின் மேலடுக்கு வாயு ஒளியை விழுங்கிய இடங்கள். ஹபிள் பதிவு செய்த நிறமாலைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு குவேசாருடையதை அச்சிட்டுப் பக்கத்தில் ஒட்டினால், இரண்டும் ஒரே சங்கதி என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆண்ட்ரோமெடாவை நேரில் பார்க்க 10×50 பைனாகுலர் போதும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மேகம் விலகாது. தை அமாவாசையை ஒட்டி, நன்றாக இருட்டியதும், தெருவிளக்கு படாத வயல் பக்கம் போய் வடமேற்கே தேடச் சொல்லுங்கள். தொலைநோக்கி வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.