சொந்தக் காசில் புத்தகம் போடலாமா?

கேள்வி: என் நாவலை மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது, 'தற்போது இயலாது' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இப்போது ஒரு நிறுவனம் 'அருமையான படைப்பு' என்று பாராட்டி, நான் பணம் கட்டினால் ஒரே மாதத்தில் புத்தகமாக்கி உலகம் முழுக்க விற்பதாகச் சொல்கிறது. சொந்தமாக வெளியிடுவதில் அப்படி என்னதான் குறை?

பதில்: அட்டை, அச்சு, விற்பனை எல்லாவற்றையும் நீங்களே பார்த்து வெளியிடுவது ஒன்று. பணத்தை வாங்கிக்கொண்டு 'மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பவரிடம் கொடுப்பது இன்னொன்று. நீங்கள் முதலாவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்களைத் தேடி வந்திருப்பது இரண்டாவது.

தன் முதலைப் போடும் பதிப்பாளர், புத்தகம் விற்றால்தான் போட்டதை எடுக்க முடியும். அதனால்தான் அவர் படிக்கிறார், தயங்குகிறார், 'பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தூக்குங்கள்' என்று சண்டை போடுகிறார். உங்களிடம் பணம் வாங்குகிறவருக்கோ, நீங்கள் கட்டிய அன்றே வியாபாரம் முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு படிகூட விற்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த 'அருமையான படைப்பு' கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

நிறுவனம் வேண்டாம், நானே செய்கிறேன் என்றாலும் இந்தக் குறை உங்களை விடாது. உங்களிடம் 'இது சரியில்லை' என்று சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. நண்பர்கள் நல்லவர்கள், பாராட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் கண்ணையும் நம்ப முடியாது. அது தாளில் இருப்பதை விட்டுவிட்டு நீங்கள் எழுத நினைத்ததைப் படிக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் சரவணனாக இருந்த மைத்துனர் பதினேழில் செந்திலாகியிருப்பார். ஐந்தில் செத்துப்போன பாட்டி, இருபதில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். கதை எழுதத் தெரிந்தவருக்கு அச்சுக்கு முன் பிழை பார்த்து மெய்ப்புத் திருத்தவும் தெரியும் என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

அச்சுக்கூடத்தில் வேறு தொல்லைகள். அட்டையை முடித்த பிறகு யாரோ ஒருவரிடம் ஆசைக்கு ஒரு முன்னுரை வாங்கி 16 பக்கம் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். புத்தகத்தின் முதுகும் தடித்துவிடும். அட்டையைத் திருத்த மறந்தால், முதுகில் நடுவாக இருக்க வேண்டிய தலைப்பு ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கும். திரையில் பளிச்சென்றிருந்த நீலம் தாளில் சோகையாக வரும். பதிப்பகத்தில் இதற்கெல்லாம் ஆள் உண்டு. உங்கள் புத்தகத்துக்கு நீங்கள்தான் அந்த ஆள்.

விற்பனைக்கு வருவோம். விலை 100 என்றால் விநியோகஸ்தரும் கடைக்காரரும் சேர்ந்து 40 முதல் 55 வரை கழிவு கேட்பது வழக்கம். மீதியில்தான் அச்சுக்கூலி, வண்டிக் கூலி, இலவசப் படிகள், திரும்பி வரும் படிகள் எல்லாம். நிறைய அடித்தால் ஒரு படியின் அடக்கவிலை குறையும் என்று ஆயிரம் அடிப்பார்கள். அடக்கவிலை குறைவது உண்மைதான். ஆனால் விற்காத படிக்கும் அதே கூலிதானே? கேட்டால் மட்டும் அச்சிடும் முறையில் இருப்பு தேங்காது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் செலவு அதிகம், விலையும் ஏறும்.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் முதல் புத்தகம் 1849இல் அவர் செலவிலேயே 1,000 படிகள் அச்சானது. 1853இல் விற்காத 706 படிகள் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. இரண்டு மாடி சுமந்து ஏற்றினார். 'என்னிடம் ஏறக்குறைய 900 புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்கிறது. அதில் 700க்கு மேல் நானே எழுதியவை' என்று நாட்குறிப்பில் எழுதினார். சிரித்தாரே தவிர, அச்சுக்கடன் அப்போதும் முழுசாக அடையவில்லை.

'உலகம் முழுக்க விற்பனை' என்பது பெரும்பாலும் இணையக் கடைப் பட்டியலில் ஒரு வரிதான். அமேசானின் கேடிபி என்ற சுயபதிப்புத் தளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் புத்தகத்தை ஏற்றலாம். அங்கே இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது. மின்நூலைக் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால், 90 நாளைக்கு அந்த மின்நூலை வேறெங்கும் விற்கவும் கூடாது. இன்னொன்றும் யோசியுங்கள்: ஒருமுறை வெளிவந்த நாவலைப் பின்னால் ஒரு பதிப்பகத்திடம் கொண்டுபோனால், 'இதுவரை எத்தனை விற்றது?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சொந்தப் பதிப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. குடும்ப வரலாறு, வகுப்பு எடுப்பவரின் கையேடு, வாங்குபவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்த துறைநூல் இவற்றுக்கெல்லாம் அதுவே சரியான வழி. முதல் நாவலுக்கு அப்படித் தயாராக வாசகர் கிடையாது. மூன்று மறுப்பு ஒரு கணக்கே இல்லை. இன்னும் பத்து இடம் அனுப்புங்கள். அந்த நிறுவனத்துக்குக் கட்ட நினைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கறாரான எடிட்டர் ஒருவருக்குக் கொடுங்கள்.

அதற்குள் அந்த நிறுவனத்திடம் ஒரு தகவல் கேளுங்கள். கடைசியாக வெளியிட்ட ஐந்து நாவல்களில், எழுதியவர்களே வாங்கிக்கொண்டது போக எத்தனை படிகள் விற்றன? என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.